எட்டணாக் கப்பலும் ஒரு ரூபாய் விமானமும்

பயணிகளை ஏற்றிச்செல்வதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்களின் வரலாறு, பெரும்பாலும் அவை வாங்கிய கப்பல்கள், விமானங்கள், திறந்த வழித்தடங்கள் ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்படுகிறது. எனினும் அத்தகைய ஒரு நிறுவனம் தழைப்பதும் தளர்வதும், அது பயணியிடம் கேட்கும் கட்டணத்தையும், அக்கட்டணத்துக்குக் கீழே போட்டியாளர் எவ்வளவு காலம் இறங்கி நிற்க முடியும் என்பதையும், அதுவரை தாக்குப்பிடிக்கும் முதல் அதனிடம் இருக்கிறதா என்பதையும் பொறுத்தே அமைகின்றன. ஐரோப்பாவில் விடுமுறைப் பயணிகளுக்கென்றே தோன்றிய விமான நிறுவனங்கள் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் எதிர்கொண்ட இச்சோதனையை, அவற்றுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே, தூத்துக்குடியில் தோன்றிய ஒரு கப்பல் நிறுவனம் மிகக் கடுமையான வடிவில் எதிர்கொண்டது. 1906-ஆம் ஆண்டில் வ.உ. சிதம்பரனாரின் முயற்சியால் உருவான சுதேசி நாவாய்ச் சங்கம் என்னும் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியே அது. விடுதலைப் போராட்டத்தின் ஓர் அத்தியாயமாக மட்டும் அதனைப் படித்துப் பழகிய தமிழ் வாசகர், அதனை ஒரு பயணிகள் நிறுவனத்தின் வணிக வரலாறாகவும் படிப்பாராயின், இன்று விமானப் பயணச்சீட்டின் விலை ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்பதற்கும் அங்கே விளக்கம் கிடைக்கும்.

முத்துக்குளித்துறையிலிருந்து கொழும்புக்கு

மன்னார் வளைகுடாவின் மேற்குக் கரையில், வேம்பாற்றிலிருந்து தெற்கே குமரிமுனை நோக்கி நீளும் கடற்பகுதி முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்றது. ‘பார்’ என்று கடலோர மக்கள் அழைக்கும் கடலடிப் பாறைத் திட்டுகளில் முத்துச்சிப்பி விளைந்த ஆண்டுகளில் பரதவரும் கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய ஊர்களின் முஸ்லிம்களும் சலாபத்துக்குத் திரண்டனர்; சலாபம் என்பது முத்துக்குளிப்புக் காலத்தையும் அதற்கெனக் கடற்கரையில் எழும் தற்காலிகக் குடியிருப்பையும் சேர்த்துக் குறிக்கும் சொல். முத்து வளைகுடாவின் இரு கரைகளிலும் விளைந்ததால், குளியாட்களும் வணிகரும் இலங்கைக் கரைக்குச் சென்று திரும்புவது வழக்கமாக இருந்தது. போர்த்துக்கீசியரிடமிருந்து 1658-இல் ஒல்லாந்தர் கைக்கும், 1825-இல் முற்றிலுமாக ஆங்கிலேயர் கைக்கும் தூத்துக்குடி மாறியபோதும் இந்தப் போக்குவரத்து ஓயவில்லை. அதனைத் தாங்கியவை பாய்மரத் தோணிகள். தண்டல் என்னும் தலைமைக் கடலோடியின் கணிப்பில் ஓடிய இத்தோணிகள் காற்றுக்குக் கட்டுப்பட்டவை. கச்சான் காற்று வலுத்து வீசும் மாதங்களில் அவை கரையேறிக் காத்திருக்க வேண்டியிருந்தது.

நாள் குறித்துப் புறப்பட்டு நாள் குறித்துச் சேரும் பயணம் நீராவிக் கப்பலுடன்தான் இந்தக் கரைக்கு வந்தது. 1876-இல் தூத்துக்குடிக்கு ரயில் பாதை வந்து சேர்ந்த பின்னர், சென்னையில் ரயிலேறிய பயணி தூத்துக்குடியில் இறங்கி, கப்பலேறி, ஓர் இரவுக் கடற்பயணத்தில் கொழும்பை அடைய முடிந்தது. பிற்காலத்தில் தனுஷ்கோடி வழியாகச் சென்று புகழ்பெற்ற ‘போட் மெயில்’ பயணத்தின் முந்தைய வடிவம் இதுவே. இலங்கையின் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் அழைத்துச்சென்ற தொழிலாளர், கொழும்பில் கடை வைத்திருந்த வணிகர், அக்கடைகளில் கணக்கெழுதியோர், உறவினரைக் காணச் சென்றோர் எனப் பலதரப்பட்ட பயணிகள் ஆண்டு முழுவதும் இவ்வழியில் சென்றுவந்தனர். சுமார் 150 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 280 கிலோமீட்டர் தொலைவுள்ள இந்த வழித்தடம், பயணியர் குறையாத, சரக்கும் சேர்ந்து கிடைத்த, வருவாய் மிகுந்த ஒன்றாக இருந்தது.

அன்றைய தூத்துக்குடியில் பயணி கப்பலேறிய விதம் தனியே குறிப்பிடத்தக்கது. கரையோரக் கடல் ஆழமற்றிருந்ததால் பெரிய கப்பல்கள் கரையிலிருந்து சுமார் ஐந்து மைல் தொலைவில் நங்கூரமிட்டு நின்றன. பயணிகள் சிறு நீராவிப் படகுகளிலும் வள்ளங்களிலும் ஏறி அவ்வளவு தூரம் அலைகளில் ஆடிச் சென்று, கப்பலின் பக்கவாட்டில் தொங்கவிடப்பட்ட படிக்கட்டைப் பற்றி ஏற வேண்டியிருந்தது. பஞ்சுப் பொதிகளும் கருவாட்டு மூட்டைகளும் அவ்வாறே சென்றன. எனவே கப்பல் வைத்திருந்தால் மட்டும் போதாது. கரைக்கும் கப்பலுக்கும் இடையே படகுகள், படகோட்டிகள், சுமையாளர், முகவர் ஆகியோரும் அந்நிறுவனத்தின் பக்கம் இருக்க வேண்டும். இந்த வலைப்பின்னல் முழுவதும் ஒரே நிறுவனத்தின் செல்வாக்கில் இருந்ததுதான் புதிதாக வருவோருக்கு முதல் தடையாக அமைந்தது.

அந்நிறுவனம் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. 1856-இல் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் இடையே அஞ்சல் கொண்டுசெல்லத் தொடங்கிய இந்நிறுவனம், அரசின் அஞ்சல் ஒப்பந்தங்கள் தந்த நிலையான வருவாயின் மீது வளர்ந்து, இந்தியப் பெருங்கடலின் பெரும் பகுதியில் கிளை விரித்திருந்தது. தூத்துக்குடியில் அதன் முகவராக ஹார்வி நிறுவனம் செயல்பட்டது. அதே ஹார்விகள் நடத்திய கோரல் மில் என்னும் நூற்பாலையும் இந்த வரலாற்றில் பின்னர் இடம்பெறுகிறது.

இருபத்தைந்து ரூபாய்ப் பங்கு

சுதேசி நாவாய்ச் சங்கம் 1906 அக்டோபர் 16-ஆம் நாள், 1882-ஆம் ஆண்டின் இந்தியக் கம்பெனிகள் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்பட்டது. அதன் மூலதனம் பத்து லட்சம் ரூபாய் என்றும், அது தலா 25 ரூபாய் மதிப்புள்ள 40,000 பங்குகளாகப் பிரிக்கப்படும் என்றும் வகுக்கப்பட்டது. பங்கு என்பது நிறுவனத்தின் உடைமையில் ஒரு சிறு கூறு. அதனை வாங்கியவர் இலாபத்தில் பங்கு பெறுவார், நிறுவனம் நொடித்தால் தாம் இட்ட பணத்தை இழப்பார். ஒரு பங்கின் விலையை 25 ரூபாயாக வைத்ததன் மூலம், பெருஞ்செல்வர் மட்டுமன்றி நடுத்தர வணிகரும் வழக்குரைஞரும் ஆசிரியரும் ஒரு கப்பல் நிறுவனத்தின் உடைமையாளர் ஆகும் வாய்ப்பு திறக்கப்பட்டது. பங்குகள் இந்தியர், இலங்கையர் முதலிய ஆசிய மக்களுக்கே உரியவை என்று வரையறுக்கப்பட்டன. மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் தலைவராகவும், சிதம்பரனார் உதவிச் செயலராகவும் பொறுப்பேற்றனர். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை, அதாவது இரண்டு லட்சம் ரூபாய்க்கான பங்குகளை, ஒருவராகவே ஏற்றார்.

நிறுவனத்தின் நோக்கங்களில் கப்பல் ஓட்டுவது ஒன்று மட்டும் இடம்பெறவில்லை. ஆசிய மக்களுக்குக் கப்பல் செலுத்தும் கலையையும் கப்பல் கட்டும் தொழிலையும் கற்பிப்பது, அதற்கான கல்விக்கூடங்களை நிறுவுவது ஆகியனவும் அவற்றுள் அடங்கின. ஒரு பயணிகள் நிறுவனம் வெளியாரின் மாலுமிகளையும் வெளியாரின் பட்டறைகளையும் நம்பியிருக்கும்வரை அதன் உடைமை முழுமையானதாகாது என்ற தெளிவு அந்த ஆவணத்தில் காணப்படுகிறது.

சொந்தக் கப்பல் வாங்கும் வரையில் பம்பாயின் ஷா லைன் நிறுவனத்திடமிருந்து கப்பல்களை வாடகைக்கு எடுத்து ஓட்டுவது என்று முடிவாயிற்று. இம்முறையின் வலுவும் வலுவின்மையும் ஒன்றே: பெருமுதல் இல்லாமலேயே தொழிலைத் தொடங்கிவிடலாம், ஆனால் கப்பலின் உரிமையாளர் விரும்பும்போது அதனைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். பிரிட்டிஷ் இந்தியா நிறுவனத்தின் அழுத்தத்தால் ஷா லைன் பின்வாங்கியபோது, சுதேசி நிறுவனம் ஒரே நாளில் கப்பலற்ற கப்பல் நிறுவனம் ஆயிற்று. உடனடித் தேவைக்கு இலங்கையிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்கு அமர்த்திச் சேவை அறுபடாமல் காத்த சிதம்பரனார், கப்பலுடன்தான் திரும்புவது என்ற உறுதியோடு பம்பாய் சென்றார். அம்முயற்சியின் பயனாக எஸ்.எஸ். காலியா என்ற கப்பலும், பிரான்சிலிருந்து வேதமூர்த்தி என்பவர் வழியாக எஸ்.எஸ். லாவோ என்ற கப்பலும் வாங்கப்பட்டு, 1907 மே மாதத்தில் தூத்துக்குடியை அடைந்தன. காலியாவில் முதல் வகுப்பில் 42 பேரும், இரண்டாம் வகுப்பில் 24 பேரும், சாதாரண வகுப்பில் 1,300 பேரும் பயணம் செய்யலாம்; 4,000 மூட்டைச் சரக்கும் ஏற்றலாம். இந்த எண்களே நிறுவனம் யாரை நம்பி இயங்கியது என்பதைக் காட்டிவிடுகின்றன: முதல் வகுப்பின் 42 பேரைக் காட்டிலும் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்த 1,300 பேர் தந்த சில்லறைக் காசில்தான் அக்கப்பலின் நிலக்கரிச் செலவும் மாலுமிகளின் சம்பளமும் அடங்கியிருந்தன.

கட்டணப் போர்

கட்டணப் போர் என்பது, ஒரே வழித்தடத்தில் இயங்கும் இரு நிறுவனங்கள், ஒன்றின் பயணியை மற்றொன்று கவர்வதற்காக, அடக்கச் செலவுக்கும் கீழே மாறி மாறி விலையைக் குறைத்துக்கொண்டு செல்வதைக் குறிக்கும். அடக்கச் செலவு என்பது ஒரு பயணியைக் கொண்டுசேர்க்க நிறுவனத்துக்கு உண்மையில் ஆகும் தொகை. அதற்குக் கீழே விற்கும் ஒவ்வொரு சீட்டும் நட்டம். அந்நட்டத்தை வேறு வருவாயிலிருந்து யாரால் அதிக நாள் ஈடுகட்ட முடிகிறதோ அவரே இறுதியில் எஞ்சுவார். பல கடல்களில் பல வழித்தடங்களைக் கொண்டிருந்த பிரிட்டிஷ் இந்தியா நிறுவனத்தால், கொழும்பு வழியில் இழப்பதைப் பிற வழிகளில் ஈட்ட முடிந்தது. சுதேசி நிறுவனத்துக்கோ அந்த ஒரே வழித்தடம்தான் உலகம்.

போட்டி நிறுவனம் ஒரு பயணிக்கான கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தபோது, சுதேசி நிறுவனம் எட்டணாவாக, அதாவது பதினாறு அணா கொண்ட ரூபாயில் சரிபாதியாகக் குறைத்தது. அதற்கு மறுமொழியாகப் பிரிட்டிஷ் இந்தியா நிறுவனம் பயணத்தை இலவசமாக்கியதோடு ஒரு குடையையும் சேர்த்து வழங்கியது என்று வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. இலவசத்துக்குக் கீழே விலை இல்லை. ஆகவே அந்தப் புள்ளியில் விலைப்போட்டி முடிந்து, பயணியின் பற்றுறுதிக்கும் அவருடைய பைக்கும் இடையிலான போட்டி தொடங்கியது. தோட்டத்துக்குக் கூலிக்குச் செல்லும் தொழிலாளி இலவசச் சீட்டை மறுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது பெரும் எதிர்பார்ப்பு. ஆயினும் வணிகரிடையிலும் பொதுமக்களிடையிலும் மேடைப் பேச்சுகளாலும் சுப்பிரமணிய பாரதியாரின் ‘இந்தியா’ இதழ் போன்ற பத்திரிகைகளாலும் எழுப்பப்பட்ட ஆதரவு சுதேசிக் கப்பல்களைத் தொடர்ந்து ஓடச்செய்தது. மேலும் சுங்கம், உடல்நலச் சோதனை போன்ற துறைமுக நடைமுறைகளில் ஆங்கிலேய அதிகாரிகளின் சாய்வு வெளிப்படையாகவே சுதேசி நிறுவனத்துக்கு எதிராக இருந்தது.

இத்தகைய போர் இதற்கு முன்னரும் நடந்திருந்தது. ஜாம்செட்ஜி டாடா 1890-களில் சீனாவுக்கு நூல் கொண்டுசெல்ல ஒரு கப்பல் சேவையைத் தொடங்கியபோது, பி. அண்ட் ஓ. நிறுவனம் சரக்குக் கட்டணத்தைத் தாங்க முடியாத அளவுக்குக் குறைத்து அவரைப் பின்வாங்கச் செய்தது. தம்மிடமே தொடர்ந்து சரக்கனுப்பும் வணிகருக்குக் கட்டணத்தில் ஒரு பகுதியைச் சில மாதங்கள் கழித்துத் திருப்பித் தருவதும், இடையில் வேறு கப்பலில் அனுப்பினால் அத்தொகையை மறுப்பதும் அக்காலப் பெருநிறுவனங்கள் கையாண்ட மற்றொரு கருவி. புதிய நிறுவனம் எவ்வளவு குறைவாகக் கேட்டாலும், கைக்கு வரவேண்டிய பழைய தொகையை இழக்க வணிகர் துணியார் என்பதே அதன் கணக்கு.

வீழ்ச்சியின் காரணங்கள்

1908 பிப்ரவரி இறுதியில் கோரல் மில் தொழிலாளர் ஊதிய உயர்வும் ஓய்வுநாளும் கோரி வேலைநிறுத்தம் செய்தபோது சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களை வழிநடத்தினர். கோரிக்கைகள் மார்ச் தொடக்கத்தில் ஏற்கப்பட்டன. ஆலையை நடத்தியவர்களே போட்டிக் கப்பல் நிறுவனத்தின் முகவர் என்பதால், கடலில் நடந்த போட்டியும் ஆலையில் நடந்த போராட்டமும் ஒரே எதிராளியை நோக்கியவை ஆயின. மார்ச் 12-ஆம் நாள் இருவரும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியில் எழுந்த கிளர்ச்சியில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்கு நால்வர் பலியாயினர். ஜூலை 7-ஆம் நாள் நீதிபதி பின்ஹே சிதம்பரனாருக்கு இரண்டு ஆயுள் தண்டனைகள் விதித்தார். மேல்முறையீட்டில் அத்தண்டனை குறைக்கப்பட்ட பின்னர், கோவை, கண்ணனூர்ச் சிறைகளில் செக்கிழுத்தும் துன்புற்றும் 1912 டிசம்பரில் அவர் விடுதலையானார்.

அதற்குள் நிறுவனம் இல்லாமற் போயிருந்தது. 1911-இல் அது கலைக்கப்பட்டது. நிறுவனத்தைக் கலைத்தல் என்பது உடைமைகளை விற்றுக் கடன்களைத் தீர்த்துக் கணக்கை மூடுவது. அடக்குமுறை அதன் முதன்மைக் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் வணிக நோக்கில் வேறு காரணங்களும் உடன் இருந்தன. கட்டணப் போரில் கரைந்த முதலுக்கு மாற்றாகப் புதிய முதல் வரவில்லை. சிதம்பரனாரின் அரசியல் ஈடுபாடு தொழிலுக்கு இடையூறு என்று இயக்குநர் சிலர் அஞ்சி விலகினர். ஒரே வழித்தடத்தையும் ஒரே மனிதரின் உழைப்பையும் நம்பியிருந்த நிறுவனத்தால், அம்மனிதர் சிறை சென்றபோது தன்னைத் தாங்கிக்கொள்ள இயலவில்லை. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடி வழியாகத் தலைமன்னாருக்குக் குறுகிய கடற்பயணம் தொடங்கியதும், கொழும்புப் பயணியரின் முதன்மை வாயில் என்ற நிலையையும் தூத்துக்குடி இழந்தது.

ஐரோப்பாவின் விடுமுறை விமானங்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவில் பயணத்தின் பொருளாதாரம் வேறொரு வழியில் மாறியது. விளாதிமிர் ரைட்ஸ் என்பவர் தொடங்கிய ஹொரைசன் நிறுவனம், 1950-இல் பிரிட்டனிலிருந்து கோர்சிகாத் தீவுக்கு ஒரு விமானத்தை முழுமையாக வாடகைக்கு எடுத்து, விமானச் சீட்டு, தங்குமிடம், உணவு ஆகிய அனைத்தையும் ஒரே விலைக்கு விற்றது. ஒரு விமானம் பறப்பதற்கு ஆகும் செலவு, அதில் நாற்பது பேர் இருந்தாலும் இருபது பேர் இருந்தாலும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே எல்லா இருக்கைகளையும் முன்கூட்டியே விற்றுவிட்டால் தலைக்கு விழும் செலவு பாதியாகிறது. விடுமுறை விமான நிறுவனங்களின் வளர்ச்சி முழுவதும் இந்த எளிய கணக்கின் மீதே எழுந்தது. முன்பு செல்வர் மட்டுமே கண்ட தென்னைரோப்பியக் கடற்கரைகளை ஆலைத் தொழிலாளியும் கண்டார்.

இந்த வழியில் வந்தவர்களுள் ஃப்ரெடி லேக்கரின் வரலாறு சுதேசி நிறுவனத்தின் வரலாற்றுக்கு மிக அருகில் நிற்கிறது. 1966-இல் விடுமுறைப் பயணிகளுக்கான வாடகை விமானங்களுடன் தொடங்கிய அவருடைய நிறுவனம், 1977 செப்டம்பரில் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ‘ஸ்கைட்ரெயின்’ என்ற சேவையை ஒருவழிக்கு 59 பவுண்டு கட்டணத்தில் தொடங்கியது. பெருநிறுவனங்கள் அதே வழியில் தம் கட்டணத்தைக் குறைத்தன. கடன் வாங்கிப் புதிய விமானங்களைச் சேர்த்திருந்த லேக்கர், பவுண்டின் மதிப்புச் சரிவையும் கட்டணக் குறைப்பையும் ஒருசேரத் தாங்கமாட்டாமல் 1982 பிப்ரவரியில் வீழ்ந்தார். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு: தம்மை ஒழிக்கப் பெருநிறுவனங்கள் கூடிச் செயல்பட்டன என்று லேக்கரின் தரப்பு வழக்குத் தொடர முடிந்தது, 1985-இல் அந்நிறுவனங்கள் பணம் தந்து வழக்கைத் தீர்த்துக்கொண்டன. சிதம்பரனாருக்கோ நீதிமன்றம் குற்றவாளிக் கூண்டாகவே அமைந்தது.

வாகைக்குளம் வரை

தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வாகைக்குளத்தில் விமான நிலையம் 1992-இல் திறக்கப்பட்டது. ஓடுபாதை 1,350 மீட்டர் நீளமே இருந்ததால், சுழல்விசிறி பொருத்திய சிறு விமானங்கள் மட்டுமே அங்கு இறங்க முடிந்தது. பயணிகள் போதாமல் அச்சேவை நிலைக்கவில்லை. 2006-இல் அதனை மீண்டும் உயிர்ப்பித்தது ஏர் டெக்கான். முன்னாள் படைவீரரான ஜி.ஆர். கோபிநாத் 2003-இல் தொடங்கிய இந்நிறுவனம், இந்தியாவின் முதல் குறைந்த கட்டண விமான நிறுவனம். உணவையும் பிற வசதிகளையும் நீக்கி, சிறு நகரங்களை இணைத்து, சில இருக்கைகளை ஒரு ரூபாய்க்கும் விற்று, ரயிலில் செல்வோரை வானில் ஏற்றியது. அதன் வெற்றியே போட்டியைப் பெருக்கியது. நட்டம் தாங்காமல் அது கிங்ஃபிஷர் நிறுவனத்தின் கைக்கு மாற, அந்நிறுவனமும் 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியது. கடல்வழியிலும் இதே பாடம் திரும்பியது: 2011 ஜூனில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆயிரம் பேருக்கு மேல் ஏற்றக்கூடிய ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ என்ற பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கி, போதிய பயணிகள் சேராத நிலையில் அதே ஆண்டு நவம்பரில் நின்றது. இன்று வாகைக்குளத்தின் ஓடுபாதை 3,115 மீட்டராக நீட்டப்பட்டு, ஆண்டுக்கு 20 லட்சம் பயணிகளைக் கையாளும் புதிய முனையம் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டுள்ளது.

இந்த நூற்றிருபது ஆண்டு வரலாறு மலிவான கட்டணத்தில் இரு வகை உண்டு என்று காட்டுகிறது. இருக்கைகளை நிரப்பி, வீண்செலவைக் குறைத்து வரும் மலிவு பயணிக்கும் நிறுவனத்துக்கும் நிலைத்த நன்மை. போட்டியாளரை ஒழிக்கும்வரை நட்டத்தைத் தாங்கிக்கொண்டு தரப்படும் மலிவோ, போட்டியாளர் ஒழிந்ததும் பயணியிடமிருந்தே வட்டியுடன் வசூலிக்கப்படும். ஆதிக்கம் செலுத்தும் ஒரு நிறுவனம் போட்டியை அழிக்கும் நோக்குடன் அடக்கச் செலவுக்குக் கீழே விற்பதை இந்தியாவின் 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் இப்போது தடை செய்கிறது. 1907-இல் தூத்துக்குடிக்கு இல்லாத பாதுகாப்பு அது. ஆனால் சட்டம் கட்டணத்தின் அடியை மட்டுமே காக்கும். முதலையும் தொடர்ச்சியையும் அந்த ஊரின் வணிகரும் பயணியருமே தர வேண்டும். மூன்று கிலோமீட்டர் ஓடுபாதையைப் பெற்றிருக்கும் தூத்துக்குடி, அதில் எத்தனை நிறுவனங்கள் வந்து இறங்குகின்றன என்பதோடு நில்லாமல், அவற்றுள் எத்தனை பத்தாண்டு கடந்தும் பறக்கின்றன என்பதையும், அவற்றை ஓட்டவும் பழுதுபார்க்கவும் இந்தக் கரையின் இளைஞர் எத்தனை பேர் பயிற்சி பெறுகின்றனர் என்பதையும் கணக்கிட வேண்டும். சுதேசி நிறுவனம் தன் நோக்கங்களில் எழுதிவைத்து நிறைவேற்ற முடியாமற்போன பணி அதுவே. அதனை நிறைவேற்றும் வசதி இப்போது இந்த நகருக்கு வாய்த்திருக்கிறது.